பயிலுனருக்கு முதலில் வெற்றிடத்தைக் காட்டுங்கள்

2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுனர்களாக இணைத்தது. ஊடகக் கற்கைகள் பட்டத்துடன் நானும் ஓர் உள்ளூராட்சி சபைக்குப் போனேன். வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும் கோப்புகளை அடுக்குவதுமே பயிற்சி. எங்களுக்கு இருக்கக் கதிரை போதவில்லை. ஆனால் தெருவிளக்குத் திருத்த அங்கே ஒரு மின்னிணைப்பாளர் இல்லை.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வீதி, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்தது. ஆளணியைத் தீர்மானிக்கும் அதிகாரமோ சபையிடம் இல்லை. திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்கவேண்டும்; நியமனம் மாகாணத்தின் கையில். இந்த இழுபறிக்குள் அமைய ஊழியர்கள் நுழைகிறார்கள். பெரும்பாலும் அரசியல் சிபாரிசோடு.

மறுபக்கத்தில், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இளைஞர்களுக்குத் தொழில் பழக்குகிறது, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் வழங்குகிறது. இரண்டையும் இணைப்பதுதான் தேவை. சபை தன் வெற்றிடங்களைப் பகிரங்கப்படுத்தட்டும். அந்த எண்ணிக்கைக்கே பயிலுனர்களைச் சேர்த்து, தேர்ச்சி பெற்றவர்களைப் புள்ளி வரிசையில் நியமிக்கட்டும்.

2025 மே 6 தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இதைக் கேட்கவேண்டும். முடிவில் எந்த வேலை என்று தெரியாத பயிற்சி, வேலையின்மையைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடுகிறது. அவ்வளவுதான்.