சுருங்கிய நிழல்

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் அடக்கி வைப்பது அரிது. கடற்கரை, தென்னந்தோப்பு, மொட்டை மாடி என்று அவர்களின் கால்கள் வெளியையே நாடும். வீட்டில் வளரும் ஆட்டுக்குட்டியும் பூனையும் அவர்களோடு புறப்பட்டுவிடும். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் அந்த இனிமை அந்த வாயில்லா ஜீவனுக்கும் உண்டா? இக்கேள்வியை என்னுள் எழுப்பிய நிகழ்ச்சியொன்றைச் சொல்கிறேன். பிழை என்னுடையது, ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயில் காலம். வெள்ளிக்கிழமையாதலால் மதரஸாவுக்கு விடுமுறை. பிள்ளைகள் இருவரும் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தனர். தாங்கள் பால் புகட்டி வளர்த்த வெள்ளாட்டுக்குட்டியும் வர வேண்டுமாம். ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம் என்று காலை ஒன்பது மணிக்கு அழைத்துச் சென்றேன். கரையில் ஏற்றி வைத்திருந்த படகொன்றின் மேற்குப் புறத்தில் நல்ல நிழல் இருந்தது. அங்கே குட்டியைக் கட்டிவிட்டு, பிள்ளைகளை அலையோரம் விளையாட விட்டேன். நானோ சற்றுத் தள்ளியிருந்த ஓலைக் கொட்டகையில் நண்பர் ஒருவருடன் பேச்சில் ஆழ்ந்துவிட்டேன்.

பதினொன்றரை மணியளவில் மீனவப் பெரியவர் ஒருவர் உரக்கக் கூவி அழைத்தார். ஓடிச் சென்று பார்த்தேன். உச்சியை நோக்கி ஏறிய கதிரவன் நிழலைப் படகின் அடிக்குச் சுருட்டிவிட்டிருந்தான். குட்டி கொதிக்கும் மணலில் விழுந்து கிடந்தது. வாய் பிளந்து, நாக்கு வெளியே தள்ளி, விலா எலும்புகள் அதிர மூச்சிரைத்தது. பெரியவர் அதற்குள் கயிற்றை அவிழ்த்து, தம் குடத்து நீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆலிம்சா, நீங்க கட்டின கயிறு அங்கேயேதான் இருக்கு. நிழல் அங்கேயே இருக்குமா?" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கால்நடை மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பின் குட்டி எழுந்து நின்றது. அன்றிரவு என் இளைய மகன் கேட்டான்: "வாப்பா, அந்த ஒட்டகம் முறையிட்ட மாதிரி நம்ம குட்டியும் முறையிட்டிருந்தா, நம்மளைப் பத்தி என்ன சொல்லியிருக்கும்?" அந்த வாரந்தான் நான் வகுப்பில் அந்த வரலாற்றைக் கற்பித்திருந்தேன். தோட்டமொன்றில் கண்ணீர் வடித்து நின்ற ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடவிக்கொடுத்தார்கள். அதைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்த உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவனே அதன் பொருளைக் கடற்கரையில் மறந்திருந்தேன்.

பிராணிகளை வளர்த்து மகிழ்வதை மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் தம் சின்னஞ்சிறு பறவையை இழந்து வாடியபோது, அண்ணலார் அவரிடம் அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பயணத்தில் பசும்புல் உள்ள நிலத்தைக் கடக்கையில் ஒட்டகத்திற்கு அதன் பங்கைக் கொடுக்குமாறும், வறண்ட நிலமாயின் அதைத் தாமதிக்க விடாமல் விரைந்து கடக்குமாறும் அறிவுறுத்தினார்கள். இடத்தையும் காலத்தையும் நம் வசதியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், உடன் வரும் உயிரின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம். திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயத்து ஆறாம் வசனம், கால்நடைகளை மாலையில் ஓட்டி வருவதிலும் காலையில் ஓட்டிச் செல்வதிலும் உள்ள அழகைக் குறிப்பிடுகிறது. வசனம் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. எனினும் நம் நாட்டுக் கோடையில் பிராணிகளோடு வெளியே உலவ ஏற்றவையும் அவ்விரு வேளைகளே.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பஜ்ரு தொழுத பின் வெயில் ஏறும்வரை உள்ள நேரம் மிக நல்லது. மாலையிலோ அஸர் முடிந்த உடனேயே புறப்பட வேண்டாம். மணலும் தார்ச்சாலையும் அப்போதும் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடியாத தரையில் பூனையின் மெல்லிய பாதமும் பொறுக்காது.

ஆட்டின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். பூனைக்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பறவைகளுக்கோ வியர்வைச் சுரப்பிகளே இல்லை. பூனையோ பறவையோ வாய் திறந்து மூச்சிரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி. சப்பை முகமுள்ள பாரசீகப் பூனைக்கு மூச்சுவழி குறுகியதாதலால் துன்பம் இன்னும் அதிகம். காற்றுக்காக முற்றத்தில் மாட்டிய கூண்டின் மீது நண்பகலில் வெயில் விழுகிறதா என்பதையும் பாருங்கள்.

காரில் சென்றால், "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவோம்" என்று பிராணியை உள்ளே வைத்துப் பூட்டிச் செல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உட்புற வெப்பம் பத்தே நிமிடங்களில் பத்து பாகை அளவுக்கு உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

நமக்குக் குடிநீர் எடுக்கும்போதே பிராணிக்கும் ஒரு கிண்ணமும் தண்ணீரும் எடுங்கள். மிஞ்சிய பிரியாணியை ஆட்டுக்கு அள்ளிப் போடாதீர்கள். அளவு மீறிய சோறு அதன் இரைப்பையில் புளித்து வயிறு உப்பச் செய்யும், உயிருக்கே ஆபத்தாகலாம். பாலிதீன் பைகளை விட்டு வராதீர்கள். நம் ஆடு தின்னாவிட்டால் ஊரார் மாடு தின்னும். பிராணியின் கழிவையும் அப்புறப்படுத்தி வாருங்கள். அந்த இடம் மற்றவர்களுக்கும் உரியது.

வெயில் தாக்கிவிட்டால் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்து விசிறுங்கள். நினைவோடு இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். மயங்கிக் கிடக்கும் பிராணியின் வாயில் நீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

2024, 2025 ஆம் ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் மாதத்தில் வந்தது. இனிச் சில ஆண்டுகள் அது கோடையை ஒட்டியே வரும். குர்பானிக்கென முன்கூட்டியே ஆடு வாங்கி மாடியிலும் வாசலிலும் கட்டுவோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் குட்டி இன்று வளர்ந்த ஆடு. இன்றும் கடற்கரைக்கு வருகிறது, மாலை வேளையில் மட்டும். என் இளைய மகன் விளையாட்டின் நடுவே அவ்வப்போது ஓடி வந்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துச் செல்கிறான். நான் சொல்லி அல்ல. அன்று கண்டதைக் கொண்டு அவனே கற்றுக்கொண்டான்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் மீதும் இரக்கம் காட்டுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.