மீன் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்!



விடுமுறை நாளில் பிள்ளைகள் மீன் தொட்டியைக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பேறிய தண்ணீர் வாளி வாளியாகக் குளியலறைச் சாக்கடைக்குப் போகும். அதே வீட்டின் மாடியில் ரோஜாச் செடி இலை வெளிறி நிற்கும். அதற்கு உரம் வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்புவோம். தேடும் பொருள் வாளியிலேயே இருப்பது நமக்குத் தோன்றுவதில்லை.

மீன் தின்னும் இரையிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. தொட்டியின் கூழாங்கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. செடிகள் வேர் வழியே விரும்பி உறிஞ்சும் தழைச்சத்து இந்த நைட்ரேட்டுதான். அடியில் படியும் எச்சத்தில் மணிச்சத்தும் உண்டு. சாம்பல்சத்து மட்டும் குறைவு. விறகடுப்பு உள்ள வீடாயின் ஒரு பிடி சாம்பலை அவ்வப்போது மண்ணில் தூவிக் கிளறிவிட்டால் அக்குறையும் தீரும்.

இது நம் முன்னோர் அறியாததன்று. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டலை வண்டி வண்டியாக வயலில் அடித்தவர்கள் அவர்கள். சீனத்தின் செச்சியாங் மாநிலத்து ஹூசோ பகுதியில் மீன் குளங்களின் கரையிலேயே மல்பெரி வளர்க்கிறார்கள். அதன் இலை பட்டுப்புழுவுக்கு உணவு. புழுவின் கழிவு குளத்து மீனுக்கு இரை. குளத்துச் சேறு மீண்டும் மல்பெரிக்கு உரம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2017ஆம் ஆண்டு இம்முறையை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் இறைத்துவிடாதீர்கள். திடீர் மாற்றத்தை மீன்கள் தாங்கா. வாரத்திற்கொரு முறை கால் பங்கை எடுத்துவிட்டு, குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரை ஊற்றினால் போதும். குழாய் வைத்து உறிஞ்சும்போது வாயை வைக்காதீர்கள். குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பிக்கொண்டு இறக்கினாலே தண்ணீர் ஓடிவரும். வடிகட்டியின் பஞ்சையும் எடுத்துவைத்த அந்தத் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அலசிய சேற்று நீரைச் செடியின் தூரில் ஊற்றுங்கள். கடை உரத்தைப்போல் வீரியமுடையதன்று. ஆனால் வேரைச் சுடாது.

இனி நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொட்டி மீன்களுக்கு ஒருமுறை வெண்புள்ளி நோய் கண்டது. கல் உப்பைக் கரைத்து ஊற்றினோம், மீன்கள் தேறின. அந்தத் தண்ணீரையே வழக்கம்போல் மாடியிலிருந்த கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவந்தேன். இலை நுனி கருகியது. தண்ணீர் போதவில்லைபோலும் என்று எண்ணி இன்னும் அதிகமாக, அதே தண்ணீரை ஊற்றினேன்! இரண்டு வாரத்தில் கன்று குச்சியாகிவிட்டது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. பூந்தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. உடனே அடித்துளை வழியே ஒழுகும்வரை நல்ல தண்ணீரை மும்முறை ஊற்றி மண்ணைக் கழுவியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

உப்பாவது செடியோடு போயிற்று. மருந்து அப்படியன்று. மீன் நோய்க்கென விற்கும் நீல, பச்சை மருந்துகளிலும் செம்பு கலந்த மருந்துகளிலும் நாம் உண்ணக்கூடாதவை உள்ளன. மாலகைட் கிரீன் என்னும் பச்சை மருந்தை உண்ணும் மீன் வளர்ப்பில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அனுமதியே இல்லை. மீனுக்கே ஆகாதென்றதை நம் கீரைப் பாத்தியில் ஊற்றலாமா? மருந்திட்ட தண்ணீரை உண்ணும் செடிக்கு ஒருபோதும் தராதீர்கள். தொட்டியைக் கழுவுபவர் பிள்ளைகளாயின், மருந்து போட்ட நாளை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். கடல் மீன் வளர்ப்போர் இந்த யோசனையை மறந்துவிடுவதே நலம்.

மருந்து கலவாத தண்ணீரிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆகவே பச்சையாக அரைக்கும் புதினாவுக்கும் மல்லிக்கும் இது வேண்டாம். ரோஜா, மல்லிகை, முருங்கை, வாழைக்குத் தாராளமாக ஊற்றலாம். கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் உறை அணியாமல் தொட்டிக்குள் கைவிடக்கூடாது. மீன் தொட்டியிலிருந்து தொற்றும் ஒருவகைக் கிருமியால் உண்டாகும் தோல் புண், மாதக்கணக்கில் ஆறாமல் தொல்லை தரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹவுளில் மீன்கள் உண்டென்றால், தூர்வாரும் நாளை வீட்டு ஆண்களிடம் கேட்டறியுங்கள். அடியில் தேங்கிய கருஞ்சேறு துர்நாற்றம் வீசும். அப்படியே செடிக்கு இட வேண்டாம். காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகக் கலந்து நிழலில் மூடிவைத்து, இடையிடையே கிளறிவிடுங்கள். நாற்றம் போய் மண்வாசனை வந்ததும், பள்ளி வளாகத்துத் தென்னைக்குப் போக மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.