கடல் கடந்த களவும் கை எட்டாத சட்டமும்

குன்னத்தூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் அன்னிய நாட்டு வியாபாரிக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவேண்டிய தருணத்தில், திருடன் ஒருவன் இருவருக்குமிடையே நடந்த மின்னஞ்சல் போக்குவரத்தில் புகுந்து, ‘எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது’ என்று இவர் எழுதியதுபோலவே எழுதிவிடுகிறான். பணம் மூன்றாவதொரு தேசத்துக் கணக்கில் போய் விழுகிறது. வாங்கியவரோ கொடுத்துவிட்டேன் என்கிறார். விற்றவரோ வரவில்லை என்கிறார். திருப்பூர் வட்டாரத்து ஏற்றுமதியாளர்கள் இவ்வகை மோசடியை அறியாதவர்களல்லர். இவர் எந்தக் கோர்ட்டின் படியேறுவது?

இவ்விஷயத்தைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் ஏறக்குறைய முப்பது வருஷங்களாக வாதித்து வருகின்றனர். இணைய உலகுக்குப் பூகோள எல்லைகள் பொருந்தா, அதற்குத் தனிச் சட்டமே வேண்டும் என்று 1996-ல் அமெரிக்கர்களான டேவிட் ஜான்சனும் டேவிட் போஸ்ட்டும் எழுதினர். இணையத்தில் நடமாடுவோரும் ஏதேனுமொரு நாட்டின் மண்ணில் வாழும் மனிதரே, ஆகவே நாட்டுச் சட்டம் அவர்களைக் கட்டும் என்று 1998-ல் ஜாக் கோல்ட்ஸ்மித் மறுத்தார். பின்னவர் கட்சியே வலுவுடையதென்பது நமது அபிப்பிராயம். ஆனால் சட்டம் செல்லும் என்பது வேறு. அதன் கை எட்டும் என்பது வேறு.

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-வது பிரிவைப் பாருங்கள். இந்தியாவிலுள்ள கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டிருந்தால், அன்னிய நாட்டில் எவர் செய்த குற்றமும் இச்சட்டத்துக்கு உட்படும் என்கிறது அது. கம்பீரமான வாசகந்தான்! ஆனால் சாட்சியம் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகளின் வசமல்லவா இருக்கிறது? 2001-ல் கையெழுத்தாகி 2005-ல் அமலுக்கு வந்த பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே அதைக் கேட்டுப் பெறவேண்டும். பதில் வருவதற்குள் மாதங்கள் உருண்டோடுகின்றன. திருடனுக்கோ பணத்தை மறைக்கச் சில மணி நேரம் போதும்.

ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தை வகுத்தது. நம்மைக் கலவாது வகுத்த விதிகளுக்கு ஒப்பமிடுவானேன் என்று இந்தியா ஒதுங்கி நின்றது. அந்த ரோஷம் நியாயமானதே. ஆயினும் ரோஷம் மட்டும் களவுபோன பணத்தை மீட்டுத் தராது. 2024 டிசம்பர் 24-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை வேறொரு ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் பேச்சுவார்த்தைகளில் இந்தியாவும் கலந்துகொண்டது. 40 தேசங்கள் உறுதி செய்த பின்னரே அது அமலுக்கு வரும்.

அதிலும் அபாயமில்லாமலில்லை. திருடனைப் பிடிக்க அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டே, மாற்றுக் கருத்துடையோரையும் பத்திரிகையாளரையும் சர்க்கார்கள் வேட்டையாடக்கூடும். எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் சிறை புகுந்தோரின் தேசம் இதை மறத்தல் தகாது.

ஆகவே நாம் கோருவது இதுவே. இத்தகைய ஒப்பந்தத்தின் ஷரத்துக்கள் பார்லிமெண்டில் பகிரங்கமாக விவாதிக்கப்படவேண்டும். சாட்சியம் விரைந்து கிடைக்க வழி வேண்டும்; ஆனால் நீதிபதியின் அனுமதியின்றி எவருடைய கடிதமும் எந்தச் சர்க்காரின் கைக்கும் போகலாகாது. நமது சட்டக் கல்லூரிகள் இத்துறையைத் தமிழில் விளக்கி நூல்கள் வெளியிடவேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், பழைய டெலிபோன் எண்ணில் கூப்பிட்டு விசாரியாமல் பணம் செலுத்தாதீர்கள்; உங்களிடம் சரக்கு வாங்குவோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மோசம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். குன்னத்தூரில் தைத்த சட்டை கடல் கடந்து போகிறது. அதன் கூலி பத்திரமாக வீடு திரும்ப வழி செய்யாத சட்டம், ஏட்டுச் சுரைக்காயேயாகும்.