சம்மதத்தை அளக்க இரண்டு மரக்காலா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

என்னுடைய பழைய மாணவர் ஒருவர் இப்போது வழக்கறிஞர். அமெரிக்க சட்டப் பேராசிரியர் ராண்டி பார்னெட்டைப் புகழ்ந்து எழுதியிருந்தார். தனிமனித சுதந்திரத்துக்கு இந்தக் காலத்தில் இவரைவிடப் பெரிய காவலர் இல்லையாம். "சார், நீங்களும் படித்துப் பாருங்கள்" என்று என்னையும் கோத்துவிட்டார். படித்தேன். அவர் எதிர்பார்த்த பதில் இது அல்ல.

முதலில் அந்த மனிதருக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பார்னெட் வெறும் ஏட்டுப் பண்டிதர் அல்ல. சிகாகோவில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். இப்போது வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். கலிபோர்னியாவில் மருத்துவர் பரிந்துரைத்தபடி கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்திய இரண்டு நோயாளிப் பெண்களுக்காக 2004இல் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். அவர்களில் ஒருவர் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை மத்திய அரசு அதிகாரிகள் வந்து அழித்திருந்தார்கள். விற்காத, மாநில எல்லையைத் தாண்டாத செடி எப்படி மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2005இல் 6க்கு 3 என்று தோற்றார்.

பிறகு ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010இல் வந்தது. காப்பீடு வாங்கு, வாங்காவிட்டால் அபராதம் கட்டு என்றது அரசு. எதையாவது செய்கிறவனைத்தான் வணிக அதிகாரத்தால் ஒழுங்குபடுத்தலாம், சும்மா இருப்பவனை இழுத்துவந்து ஒரு பொருளை வாங்கு என்று சொல்ல முடியாது என்றார் பார்னெட். சட்டப் பேராசிரியர்கள் பலர் இதைப் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் 2012 ஜூனில் தீர்ப்பு வந்தபோது ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அந்த வாதத்தை ஏற்றார்கள். அபராதத்தை வரி என்று கொண்டு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சட்டத்தைக் காப்பாற்றினார் என்பது வேறு கதை. யாரும் மதிக்காத ஒரு வாதத்தைச் சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தின் வாயிலிருந்தே வரவழைத்ததில் இவருடைய பங்கு பெரியது. சாதாரண விஷயமல்ல.

சரி, என் சண்டை எங்கே?

பார்னெட்டின் சிந்தனைக்கு அச்சாணி ஒரே சொல்: சம்மதம். 2004இல் வெளிவந்த அரசியலமைப்பு பற்றிய தன் நூலில் அடிப்படையையே அசைக்கிறார். "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறதே, எந்த மக்கள்? 1787இல் எழுதியதற்கு இன்று உயிரோடிருப்பவர்கள் எப்போது சம்மதம் கொடுத்தார்கள்? ஓட்டுப் போட்டாலே சம்மதமா? அப்படியானால் போடாதவர்? நாட்டைவிட்டுப் போகாமல் இருப்பது சம்மதமா? "பிடிக்கவில்லையென்றால் வெளியேறு" என்று சொல்வதற்கு, முதலில் அந்த நிலத்தின் மேல் அரசுக்கு என்ன உரிமை என்று நிரூபிக்க வேண்டாமா? இப்படி ஒவ்வொரு சமாதானமாக உடைத்துக்கொண்டே போகிறார். கடைசியில், உண்மையான சம்மதம் கிடையாது, ஆகவே உரிமைகளைக் காக்கும் சட்டத்துக்கு மட்டுமே நம்மைக் கட்டுப்படுத்தும் தகுதி உண்டு என்கிறார். சந்தேகம் வந்தால் சுதந்திரத்தின் பக்கம் நில், நியாயத்தை அரசு நிரூபிக்கட்டும் என்கிறார். எனக்கு இது பிடித்திருந்தது. மறைக்கவில்லை.

இப்போது அதே மனிதரின் இன்னொரு முகம். இவர் ஒப்பந்தச் சட்டத்திலும் பெரிய பெயர். 1986இல் 'ஒப்பந்தத்தின் சம்மதக் கோட்பாடு' என்ற கட்டுரையால் அந்தத் துறையின் விவாதத்தில் தனி இடம் பிடித்தவர். 2002இல் அச்சிட்ட படிவ ஒப்பந்தங்களைப் பற்றி எழுதினார். நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோமே, கைப்பேசியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டுகிறோமே, அந்த வகை. அது கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்கிறார். மூடிய உறைக்குள் என்ன எழுதியிருந்தாலும் செய்கிறேன் என்று ஒருவன் வாக்குக் கொடுக்கலாம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும் என்கிறார்.

இங்கேதான் நான் சிவப்பு மையை எடுக்கிறேன்.

அரசு என்று வந்தால் ஓட்டுப் போட்டதுகூடச் சம்மதம் இல்லை. நிறுவனம் என்று வந்தால் ஒரு விரல் தட்டல் போதும், படிக்கக்கூட வேண்டாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இது வேறென்ன?

பார்னெட்டின் ரசிகர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். இரண்டையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று: நாட்டை விட்டுப் போவது கடினம், ஒரு நிறுவனத்தை வேண்டாம் என்று சொல்வது எளிது. காகிதத்தில் சரி. ஆனால் எல்லா வங்கியும், எல்லாத் தொலைபேசி நிறுவனமும் ஏறக்குறைய ஒரே படிவத்தை நீட்டும்போது யாரை வேண்டாம் என்று சொல்லி யாரிடம் போவது? வேலை வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், கைப்பேசி வேண்டாம் என்று ஒருவன் வாழ முடியுமா? "பிடிக்கவில்லையென்றால் வெளியேறு" என்று அரசு சொன்னால் அது வாதமே இல்லை என்றவர், நிறுவனம் சொன்னால் மட்டும் எப்படி ஏற்கிறார்?

இரண்டு: அவர் ஒரு வரம்பு வைத்திருக்கிறார், யாரும் எதிர்பார்க்கவே முடியாத நிபந்தனை செல்லாது என்கிறார். உண்மை, வைத்திருக்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். கொடுமையான ஒரு நிபந்தனையை ஒரு நிறுவனம் மட்டும் எழுதினால் அது எதிர்பாராதது. எல்லா நிறுவனமும் எழுதிவிட்டால்? அது எதிர்பார்த்ததாகிவிடும், செல்லுபடியாகிவிடும்! அநியாயம் பரவப் பரவ நியாயம் ஆகிவிடுகிறது. இது வரம்பா, வாசலா?

கற்பனை இல்லை. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இலவசக் கைப்பேசி என்று விளம்பரம் செய்த ஏடி அண்ட் டி நிறுவனம் 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரி வசூலித்தது. வழக்குப் போட்டவர்களிடம் படிவத்தைக் காட்டினார்கள்: நீதிமன்றம் போகக் கூடாது, தனியார் நடுவரிடம்தான் போகலாம், பலர் சேர்ந்து போகக் கூடாது. இப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்றது கலிபோர்னியாவின் சட்டம். உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று நிறுவனத்தின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பை பார்னெட்டின் தலையில் கட்டவில்லை. அது மத்திய நடுவர் சட்டத்தை வைத்து வந்தது. ஆனால் படிக்காத கையெழுத்தைச் சம்மதம் என்று மதிப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் பார்த்து எந்த முகத்தோடு வருத்தப்படுவார்கள்? 30 டாலருக்காக எவர் தனியாக வக்கீல் வைப்பார்?

இதை 1943லேயே ஒருவர் எச்சரித்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த பிரீட்ரிக் கெஸ்லர். படிவ ஒப்பந்தம் மூலம் பெரிய நிறுவனங்கள் தாங்களே சட்டம் இயற்றும் புதிய ஜமீன்தார்கள் ஆகிவிடும் என்ற பொருளில் எழுதினார். ஆட்சியின் கொடுமையைக் கண்ணால் பார்த்தவருக்கு அதிகாரம் எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரிந்தது.

நம் ஊர் விஷயத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்டு பொருந்துகிறது. பார்னெட்டின் கட்டுரை வந்த அதே 1986இல் நம் உச்ச நீதிமன்றம் பிரோஜோ நாத் கங்குலி வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, காரணமே சொல்லாமல் நிரந்தர ஊழியரை வேலையைவிட்டு அனுப்பலாம் என்ற விதி. கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றது அந்த அரசு நிறுவனம். பலம் சமமில்லாத இடத்தில், வேறு வழியில்லாதவன் போட்ட கையெழுத்தை வைத்து அநியாய நிபந்தனையைத் திணிக்க முடியாது, அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி செல்லாது என்றது நீதிமன்றம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுத்து, அதன் நிபந்தனைகளைச் செல்லாது என்று அறிவிக்க மாநில, தேசிய ஆணையங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இந்தச் சட்டம் கையில் இருக்க, நம் இளம் வழக்கறிஞர்கள் அங்கிருந்து எதை இறக்குமதி செய்யத் துடிக்கிறார்கள்?

பார்னெட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவருடைய நல்ல பாதியை முழுதாக்குங்கள் என்கிறேன். சந்தேகம் வந்தால் சுதந்திரத்தின் பக்கம் நில், அதிகாரம் வைத்திருப்பவன் நியாயத்தை நிரூபிக்கட்டும் என்றாரே, அதே விதி படிவத்தை எழுதியவனுக்கும் இருக்கட்டும். எழுதியவன் நிரூபிக்கட்டும், தட்டியவன் அல்ல.

தம்பி, நீ சொன்ன புத்தகத்தைப் படித்துவிட்டேன். இப்போது நீ ஒரு வேலை செய். உன் கைப்பேசியில் கடைசியாக எதற்கு "ஒப்புக்கொள்கிறேன்" தட்டினாய், அதில் எத்தனை நிபந்தனை இருக்கிறது என்று முழுதாகப் படித்துவிட்டு வா. பிறகு சம்மதத்தைப் பற்றிப் பேசுவோம்.