காலுக்குக் காசு கேட்டால் பேராசையாம்!

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர்வரிசையில் இருந்த பெரியவர், விந்தி விந்திக் கைகழுவப் போன ஓர் இளைஞனைக் காட்டிச் சொன்னார்: "பைக்ல போய் அடிபட்டான். கேஸ் போட்டுப் பத்து லட்சம் வாங்கிட்டான். இப்ப அவனுக்கு என்ன குறை?" பந்தியே தலையாட்டியது. பக்கத்து இலைக்காரர், "நமக்கெல்லாம் அந்த யோகம் இல்லையே" என்று சிரித்தார். அந்த யோகம் வேண்டுமென்றால் வழி ரொம்பச் சுலபம். மண்டப வாசலிலேயே ஹைவே இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

விபத்தில் அடிபட்டவன் வழக்குப் போட்டால் அவன் காசு பார்க்கிறான். இந்த நம்பிக்கை நம் ஊரில் வேப்பமரத்தைவிட ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ, கடன் வாங்கு, நகையை அடகு வை, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள். கோர்ட்டுக்கு மட்டும் போகாதே, அது நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற காரியமில்லை!

இந்தப் பெரியவர்களுக்கெல்லாம் ஒரு காய்கறி வியாபாரியை அறிமுகப்படுத்த வேண்டும். கர்நாடகத்துக்காரர், வயது 24. விபத்தில் ஒரு காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. காய்கறி விற்கிறவருக்குக் கால் எதற்கு, உட்கார்ந்த இடத்தில் விற்கலாமே என்ற கேள்விக்கு நீதிபதிகள் பதில் சொன்னார்கள். கடை போட்டு உட்கார்ந்திருப்பவரும் முதலில் மொத்தச் சந்தைக்கோ தோட்டத்துக்கோ போய்ச் சரக்கு எடுக்க வேண்டும், ஏற்றி இறக்க வேண்டும். கோயம்பேட்டில் ஒரு விடியற்காலை நின்று பார்த்த யாருக்கும் இதைத் தீர்ப்பு எழுதிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அவர் அடித்த லாட்டரி எவ்வளவு? சம்பளச் சீட்டு இல்லாத மனிதர் என்பதால் மாத வருமானம் 6,500 ரூபாய் என்று வைத்தார்கள். எதிர்கால உயர்வுக்காக அதில் பாதியைக் கூட்டினார்கள். பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, அந்த வயதுக்குரிய பெருக்கு எண்ணான 18ஆல் மறுபடி பெருக்கி, உழைக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்று கணக்கிட்டால் வருமான இழப்புக்கு 17,90,100 ரூபாய் வருகிறது. பெரிய தொகைதான். அந்த 24 வயதுக்காரர் இன்னும் நாற்பது வருடம் வாழ்வார் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 3,700 ரூபாய் சொச்சம். ஒரு காலுக்கு! பந்தியில் பெருமூச்சு விட்டவர் அந்தக் காசுக்குத் தன் செருப்பைக்கூடக் கழற்றித் தரமாட்டார்.

அடுத்து இரக்கப் பிரசங்கம் ஒன்று வரும். "மோதினவனும் பாவம் குடும்பஸ்தன், அவன் வயித்துல ஏன் அடிக்கணும்?" யார் வயிற்றில் யார் அடிக்கிறார்கள்? தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022இல் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்தப் பணம் எதற்கென்று நினைத்தீர்கள்? மடக்குகிற போலீஸ்காரரிடம் காட்டுவதற்கா? நம் வண்டியால் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான். இழப்பீட்டு மனுவால் யாரும் ஜெயிலுக்குப் போவதுமில்லை. போலீஸ் வழக்கு தனி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்து மனு தனி. இன்சூரன்ஸ் எடுக்காமல் ஓட்டியவராக இருந்தால் அவர் தலையில்தான் விழும். விழட்டுமே, 714 ரூபாயை மிச்சம் பிடித்த குடும்பஸ்தர்தானே.

இதே ஆசாமிகள் தங்கள் கார் பம்பரில் கீறல் விழுந்தால் என்ன செய்கிறார்கள்? அன்று மாலையே சர்வீஸ் சென்டர், நாலு பக்கமும் போட்டோ, கிளெய்ம் நம்பர், சர்வேயர் வரவில்லை என்று போனில் சண்டை. பம்பருக்குக் கேட்டால் உரிமை, தொடை எலும்புக்குக் கேட்டால் பேராசை. பழைய கீறலையும் இதோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர்களைப் பார்த்து எந்தப் பந்தியும் சிரிக்கவில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது "பேசி முடிச்சுக்கலாம்" கோஷ்டியின் மேல்தான். அடிபட்டவன் வார்டில் மயக்கம் தெளியாமல் கிடப்பான். ஸ்டேஷன் வாசலில் வேட்டி கட்டிய ஒருவர் அவனுடைய அப்பாவின் தோளில் கைபோட்டு, "அண்ணே, கேஸுன்னு போனா செருப்பு தேஞ்சிரும். இருபதாயிரம் வாங்கித் தர்றேன், எழுதிக் கொடுத்துருங்க" என்பார். அந்த இருபதாயிரம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போய்விடும். பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடிக்கும், இரண்டாவது ஆபரேஷன் என்பார்கள், வேலை போய்விடும். அப்போது தோளில் கைபோட்டவரைத் தேடினால் அவர் வேறொரு ஸ்டேஷன் வாசலில் வேறொருவரின் தோளில் இருப்பார். போதாக்குறைக்கு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும் என்ற கெடுவை 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எலும்பு கூடுவதற்கே ஆறு மாதம் ஆகும் ஆட்களுக்கு இப்படியொரு கெடு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது. அந்தக் காய்கறிக்காரர் மட்டும் இருபதாயிரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் நம் பெரியவர்கள் அவரை மெச்சியிருப்பார்கள். நல்ல மனுஷன், பிரச்சினை பண்ணாதவன்!

வருடக்கணக்கில் இழுக்கும் என்பது உண்மைதான். யார் இழுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அடிபட்டவனா வாய்தா கேட்கிறான்? தீர்ப்பாயம் கொடுத்ததை எதிர்த்து அப்பீல் போகிற கம்பெனிகளும் உண்டு. அடிபட்டவன் அலைவதைக் குறைக்க, தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இதையெல்லாம் ஸ்டேஷன் வாசலில் யாரும் போர்டு எழுதி வைப்பதில்லை. பர்சென்டேஜ் பேசும் வக்கீல்கள் மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிடுகிறார்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அதைப் பேராசை என்று பந்தியில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"பைக்குக்காரன்னாலே அப்படித்தான், கண்ணு மண்ணு தெரியாம வருவான்." இது இன்னொன்று. மூன்று பேர் போனார்களா? ஹெல்மெட் போட்டானா? முடிந்தது விசாரணை! பைக்கில் மூன்று பேர் போனது தப்புதான், ஆனால் அந்தத் தப்பு விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்ததென்று நிரூபிக்காமல் இழப்பீட்டைக் குறைக்கக்கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. டீக்கடை நீதிமன்றத்துக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. இருட்டில் சுண்ணாம்புகூட அடிக்காத வேகத்தடை, குழாய் போடத் தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம், இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் லாரி, ராங் சைடில் வரும் டிராக்டர், எதற்கும் ஆள் கிடையாது. ஹெல்மெட் இல்லாத தலை ஒன்று கிடைத்தால் போதும், எல்லாப் பழியையும் அதில் கவிழ்த்துவிடலாம்.

பொய்க் கேஸ் போடுகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். வண்டி எண்ணை மாற்றுகிறவர்கள், தானே விழுந்ததை மோதல் என்று எழுதுகிறவர்கள், அதற்குத் துணைபோகும் காக்கிச் சட்டைகளும் கறுப்புக் கோட்டுகளும் எல்லாம் உண்டு. பிடித்து உள்ளே போடுங்கள். போலி ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக யாரும் அரிசி வாங்குவதை விட்டுவிடவில்லை. அந்தக் காய்கறிக்காரரின் காலும் போலியா?

அரசுப் பஸ் விஷயத்தில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகும். போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. தாங்களே நிதி வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கொடுக்கிறார்களா? தீர்ப்பு வரும், வட்டி ஏறும், பணம் வராது. கடைசியில் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, புறப்படத் தயாராக இருக்கும் பஸ்ஸில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவார். இறங்கிய பயணிகள் யாரைத் திட்டுகிறார்கள் என்று நின்று கேட்டுப் பாருங்கள். கழகத்தை இல்லை. "காசுக்காக பஸ்ஸையே புடிச்சு வெச்சிருக்கானுங்க பாரு" என்று அந்தக் குடும்பத்தைத்தான். பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு அதிகாரிகள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. மீதிப் பணத்துக்கு அந்தக் குடும்பம் மறுபடியும் மனுப் போட்டு, மறுபடியும் அமீனாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போதும் பேராசைக்காரர்கள் அவர்கள்தான்.