படத்தைத் திருத்துமுன் ஒரு நகல்!

சகோதரிகளே, கம்ப்யூட்டரில் படம் திருத்தப் பழகுமுன் என் அனுபவத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில், பின்னால் மலை தெரிய, மாமியார் பேத்தியை இடுப்பில் வைத்திருக்கும் படம் ஒன்று இருந்தது. அவர் காலமானதும் சட்டம் போட முகம் மட்டும் தேவைப்பட்டது. 'பெயிண்ட்'டில் வெட்டி, 'சேவ்' கொடுத்து மூடினேன். அவ்வளவுதான்! மலையும் போச்சு, பேத்தியும் போச்சு. வேறு பிரதியும் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

1985 முதல் விண்டோஸோடு வரும் பெயிண்ட், வெட்டவும் அளவு குறைக்கவும் போதும். வெளிச்சம் கூட்ட, கோணலை நிமிர்த்த விண்டோஸின் 'போட்டோஸ்' சுலபம். இரண்டுக்கும் தனியாகக் காசு வேண்டாம். பழைய படத்தின் கீறல் போக்க, 1996-ல் வெளியான இலவச 'கிம்ப்' இருக்கிறது. அதில் 'சேவ்' கொடுத்தால் தன் சொந்த வடிவில் தனியே சேமிக்கும், அசல் பிழைக்கும். ஆனால் கருவிகள் ஏராளம், புதியவர்களுக்குத் தலை சுற்றும். 1990-ல் வந்த போட்டோஷாப்புக்கு இப்போது சந்தா கட்ட வேண்டும். நாலு கத்திரிக்காய் வதக்கக் கல்யாண அண்டா எதற்கு?

எதை எடுத்தாலும், முதலில் படத்தை நகலெடுத்து 'அசல்' என்ற தனி ஃபோல்டரில் வையுங்கள். திருத்தியதும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயர் இடுங்கள். தவறு நேர்ந்தால் மூடுமுன் 'கண்ட்ரோல்', 'இஸட்' இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், பழையபடி வரும்.

எங்கள் கூடத்துப் படத்தில் மாமியார் சிரிக்கிறார். கழுத்தருகே பேத்தியின் பிஞ்சு விரல்கள் மட்டும் மிச்சம்.