முகாமுக்குப் போகிறாளா உங்கள் மகள்?

"ஆச்சி, சர்ச்சிலே பிள்ளைங்களைக் கொடைக்கானல் முகாமுக்குக் கூட்டிப் போறாங்களாம், மூணு நாள். அனுப்பலாமா?" என்று எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு தாளோடு வந்தாள். போர்வை, ஸ்வெட்டர், டார்ச், வேதாகமம் எல்லாம் அதில் எழுதியிருந்தது. கூட யார் யார் வருகிறார்கள் என்பது மட்டும் இல்லை!

"சாமி காரியம். போய் எப்படிக் கேக்கிறது?" என்று தயங்கினாள்.

கேட்கத்தான் வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று நடந்ததே போலி. 13 வயதுச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத பள்ளி முதல்வரும் கைதானார். 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் புகார் சொல்லியே ஆகணும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. பாதிரியார், போதகர் என்று விலக்கெல்லாம் கிடையாது.

இரண்டு பேருமாகப் போனோம். பெண் பிள்ளைகளோடு ராத்திரி தங்கும் பெண்கள் யார்? தனி அறைக்குப் பெரியவர் யாரும் அழைக்காமல் யார் பார்ப்பார்கள்? இவளுக்கு வீசிங் உண்டு, மருந்து யார் கையில்? வீட்டுக்குப் போன் பேச விடுவார்களா? போதகர் கோபிக்கவேயில்லை, பொறுப்பாளர்கள் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். (கோபித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம்!)

மகளிடம், "அம்மாகிட்டே சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அதைத்தான் முதல்லே எங்கிட்டே சொல்லணும்" என்று தாய் சொல்லிவைத்தாள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அந்தக் குட்டி சீப்புச் சீடை டப்பா மூடியில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.